ஒலிக்காமல் போன ஆறு அழைப்புகள்

கடந்த ஆண்டு புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. இடம், விருதுநகரை ஒட்டிய சூலக்கரை. அன்று பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து நாலு மணி வரை நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு பட்டியலே சொல்வேன். அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பேன். போன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எதை எப்படிச் சீக்கிரமாகச் செய்யலாம் என்று தேடித் தேடித் தெரிந்துகொள்வேன். டைப் செய்யும்போது நடுவில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் எல்லோரும் விரலால் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். இடைவெளி விடுகிற பட்டையின் மேல் விரலை நகர்த்தினாலே போதும், அந்த இடத்துக்குப் போய்விடலாம். கம்பெனி முகவரி முழுவதையும் இரண்டே எழுத்தில் வரவழைக்கலாம். பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பூட்டைத் திறக்காமலே கேமரா வந்து நிற்கும். இந்த மாதிரி விஷயங்களை எழுதிப் போடுவதற்காகவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தேன். எங்கள் தெருப் பெண்கள், அச்சகத்துப் பெண்கள் என்று நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தினமும் காலையில் ஒரு குறிப்பு. "அக்கா, ஒங்களால எம்புட்டு நேரம் மிச்சமாகுது தெரியுமா?" என்று யாராவது எழுதினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

என் கணவர் எனக்கு நேர் எதிர். அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறவர். பைக்கில் மாவட்டம் முழுக்கச் சுற்றுவார். போன் என்பது அவருக்குப் பேச மட்டும்தான். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வருடமாக ஊசி போட்டுக்கொள்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு எங்களுக்குள் ஒரு சண்டை. அவர் போன் மிகவும் மெதுவாக வேலை செய்கிறது என்று அவரே சொன்னார். கொடுங்கள் நான் பார்க்கிறேன் என்று வாங்கி, ஐந்தே நிமிடத்தில் குப்பை எல்லாவற்றையும் ஒரே அடியாக அழித்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். அந்த ஐந்து நிமிடத்தை அடுத்த நாள் குழுவில் ஒரு குறிப்பாகவும் எழுதினேன். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதோடு சேர்த்து அவருடைய தம்பி அனுப்பியிருந்த குரல் பதிவுகளும் போய்விட்டன என்று. அந்தத் தம்பி நோயில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அனுப்பியவை அவை. இவர் அவ்வப்போது தனியாக உட்கார்ந்து கேட்பாராம். எனக்குத் தெரியாது.

அவர் சத்தம் போடவில்லை. போனுக்குப் புதிதாக ஒரு பூட்டு எண் போட்டுக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை. "இனிமே என் போனத் தொடாத" என்று மட்டும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேண்டுமென்றா செய்தேன், உதவி செய்யப் போனவளுக்கு இந்தப் பேச்சா என்று எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஒங்க போன், ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெருவில் உள்ள பெண்களின் போன்களை எல்லாம் வாங்கி வாங்கிச் சரிசெய்து கொடுத்தவள், வீட்டில் ஒருவர் போனை மட்டும் கையால் தொடவில்லை.

அன்று காலை ஏழரை மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். காரியாபட்டியில் ஒரு எண்ணெய் மில்லில் ஆர்டர் பேச வேண்டும், திரும்பும்போது சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றார். மில்லில் பேச்சு இழுத்துவிட்டது. பதினொரு மணிக்கு எதையாவது சாப்பிட்டாக வேண்டும், சாப்பிடவில்லை. மில் முதலாளி முன்னால் போன் அடித்துக்கொண்டே இருந்தால் மரியாதையாக இருக்காது என்று சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறார். அப்படியே மறந்தும் போனார்.

வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு சூலக்கரை வந்தபோது கண் இருட்டியிருக்கிறது. நல்ல வேளை, வண்டியை ஓரங்கட்டி ஒரு பேருந்து நிறுத்தத்தின் நிழலில் போய் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு நான் அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பேன். சண்டைக்குப் பிறகு அதுவும் கடமைக்குத்தான். எடுக்கவில்லை என்றதும் எனக்குச் சுள்ளென்று வந்தது. இன்னும் அந்தக் கோபத்தையே சுமந்துகொண்டு திரிகிறாரா, அப்படியென்றால் இருக்கட்டும், நானும் இனிக் கூப்பிடப் போவதில்லை என்று போனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தைய சீசன். பெட்டி லேபிள் ஆர்டர்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு அழைப்பு. அதோடு விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்காரர். எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை, கத்தினார்.

"அக்கா, என்னக்கா நீங்க? ஒரு பொம்பளப் புள்ள ஒங்களுக்கு எத்தன தடவ கூப்பிடுது, ஏன் எடுக்க மாட்டேங்கிறீக? அண்ணனுக்குச் சுகர் கொறைஞ்சு மயங்கிட்டாரு. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. சீக்கிரம் கெளம்புங்க!"

யாரும் கூப்பிடவில்லையே என்று நான் சொன்னேன். உண்மையிலேயே என் போன் அடிக்கவில்லை. சொல்லிக்கொண்டே அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். தெரியாத ஒரே எண்ணிலிருந்து ஆறு அழைப்புகள். மூன்று ஐந்துக்கு ஒன்று. உடனே இன்னொன்று. மூன்று பன்னிரண்டு. மூன்று இருபது. மூன்று முப்பத்தொன்று. மூன்று நாற்பத்து நாலு.

எனக்கு விளங்கிவிட்டது. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று நாளெல்லாம் வருகிற தொல்லை அழைப்புகளுக்காக, பதிவு செய்யாத எண்களிலிருந்து யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காதபடி நான்தான் போனில் மாற்றி வைத்திருந்தேன். நான் மட்டும் செய்யவில்லை. "தினமும் அரை மணி நேரம் மிச்சம்" என்று தலைப்புப் போட்டு, படத்தோடு விளக்கி, நாற்பது பெண்களையும் செய்ய வைத்திருந்தேன். அந்த வருடம் நான் போட்ட குறிப்புகளிலேயே அதிகம் பேர் கைதட்டியது அதற்குத்தான். மருந்துக்கடைக்காரர் எண் என்னிடம் பதிவாகியிருந்ததால் மட்டும்தான் அவர் அழைப்பு காதில் விழுந்தது.

எங்கள் அச்சக முதலாளி தன் காரையும் ஓட்டுநரையும் கொடுத்தார். சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற அந்த முக்கால் மணி நேரமும் நான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். லைன் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. எனக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தீர்ந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் யார் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்கவே முடியாது. கொண்டு வந்தபோது சர்க்கரை முப்பத்து நாலுதான் இருந்தது என்றும், இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை என்றும் டாக்டர் சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிறிய பச்சைச் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. கை கூப்பி நன்றி சொல்லலாம் என்று அவர் பக்கம் போனேன். அவர் கும்பிடு வாங்குகிற மனநிலையில் இல்லை.

"நீங்கதான் வீட்டம்மாவா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

"ஒரு போன எடுக்க எம்புட்டு நேரம் ஆவும் ஒங்களுக்கு? ஆறு தடவ கூப்பிட்டேன். ஆறு தடவ! அங்கன ஒரு உசுரு இழுத்துக்கிட்டு கெடக்கு, நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக?"

வார்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. தெரியாத எண் என்றால் என் போனில் மணி அடிக்காது என்று விளக்கம் சொல்லப் போனேன். அவருக்கு அது புரியவில்லை. புரிந்ததும் இன்னும் கோபம் கூடிவிட்டது.

"தெரியாதவுக கூப்பிட்டா அடிக்காதா? ரோட்டுல விழுந்து கெடந்தா தெரிஞ்சவுகளா வந்து தூக்குவாக? தெரியாதவுகதான தூக்குவாக!"

பக்கத்தில் இருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன். 

பிறகு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நடந்ததை அவர் சொன்னார். அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகளுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று சூலக்கரையில் இருக்கும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க லீவு போட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை மனு நாள், கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். மனுவைக் கொடுத்துவிட்டு இரண்டே முக்காலுக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது, என் கணவர் கீழே சரிந்து கிடந்திருக்கிறார். சுற்றி ஏழெட்டுப் பேர், கொஞ்சம் தள்ளியே நின்றிருக்கிறார்கள். "கிட்டப் போகாதம்மா, காலையிலயே ஏத்திட்டு வந்து கெடக்கான்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"நான் கிட்டப் போயிப் பாத்தேன் அக்கா. வாடையே இல்ல. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடக்கு, ஒடம்பு ஜில்லுனு இருக்கு. குடிச்சவன எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருசமா ஒருத்தனோட குடும்பம் நடத்துறேன்" என்றார்.

என் கணவரின் பையிலிருந்து அந்தப் பெண் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்காமலே, கீழே 'அவசரம்' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தொட்டால், அந்த ஆளின் வீட்டு எண்ணும் நோய் விவரமும் ரத்த வகையும் வரும்படி எழுதி வைக்கலாம். எல்லா ஸ்மார்ட்போனிலும் உண்டு. இரண்டு நிமிட வேலை. அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். காலியாக இருந்தது.

"திரையில 'வீட்டம்மா'ன்னு ஒரு மிஸ்டு கால் கெடந்துச்சு. பேருதான் தெரியுது, நம்பரு தெரியல. ஒண்ணே ஒண்ணு கெடந்துச்சு. போனைக் கையிலயே வச்சுக்கிட்டு, இந்தப் பொம்பள இன்னொரு தடவ கூப்பிடாதா, கூப்பிடாதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆனால் டாக்டர் சொன்னதைவிட, அவர் திட்டியதைவிட, அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அறைந்தது. கவிழ்த்து வைத்த என் போனை நிமிர்த்தி இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்தப் பெண் எடுத்திருப்பார். ரோஷத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவரின் சட்டைப் பையில் ஒரு மருந்துச் சீட்டு இருந்திருக்கிறது. மேலே கடையின் எண். அதற்குத் தன் போனிலிருந்து கூப்பிட்டு, சீட்டில் இருந்த மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறார். கடைக்காரர் உடனே புரிந்துகொண்டு, "வாயில தண்ணி கிண்ணி ஊத்திராதீக, பொரையேறிரும். சீனிய வெரல்ல தொட்டு ஈறுல தடவுங்க, அப்படியே நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க" என்று சொல்லி, என் எண்ணையும் கொடுத்திருக்கிறார். எதிரில் இருந்த டீக்கடைக்கு ஓடிப்போய்ச் சீனி வாங்கி வந்து தடவியவரும் அந்தப் பெண்தான். ஆம்புலன்சில் கூடவே ஏறியவரும் அவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளைக் கூட்டிக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன், மீதி எல்லாம் எனக்கு. நான் எடுக்கவில்லை என்றதும் கடைசியில் மருந்துக்கடைக்கே மறுபடியும் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கிறார்.

பூட்டிய போனில் அப்படி ஓர் இடம் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதிலேயே ஒரு திமிர் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்பதுதான் என் கேள்விக்குள் இருந்தது.

அவர் சொன்னார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லோர் போனையும் அணைத்து வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் அவர் வேலை பார்த்த வேறொரு இடத்தில் ஓர் அறையில் வெடித்துவிட்டது. அவர் அன்று வேறு அறையில் இருந்ததால் தப்பித்தார். வாசலுக்கு ஓடி வந்து டப்பாவைத் திறந்து ஒவ்வொரு போனாக ஆன் செய்தார்களாம். எல்லாம் பூட்டு. உள்ளே யார் யார் இருந்தார்கள், யார் வீட்டுக்கு யார் சொல்வது? ஆபீசில் இருந்த பட்டியலில் பாதி பழைய எண்கள். அவரோடு ஒன்றாகச் சாப்பிடும் தோழியின் வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டதாம்.

"அதுக்கப்புறம் யாரோ ஒரு புள்ள இத கத்துக்கிட்டு வந்து சொல்லுச்சு. நாங்க யாரும் பள்ளிக்கூடம் பெருசா போகல அக்கா. ஆனா எங்க அறையில இருக்குற பதினெட்டுப் பேரு போன்லயும் அந்த நம்பரு இருக்கு. புதுசா ஒருத்தி வேலைக்குச் சேந்தா, மொத நாளு அதப் போட்டுக் குடுத்துட்டுத்தான் மறுவேலை" என்றார்.

நான் ஒரு வருடத்துக்கு மேலாக நாள் தவறாமல் குறிப்பு எழுதியவள். இந்த ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. தெரியாமல் இல்லை. தெரியும். இதில் என்ன பெரிய நேரம் மிச்சமாகப் போகிறது என்று ஒதுக்கிவிட்டேன். இதைப் போட்டால் யாரும் கைதட்டமாட்டார்கள் என்றும் தெரியும்.

அந்தப் பெண்ணை முதலாளியின் காரிலேயே அவர் ஊரில் கொண்டுபோய் விடச் சொன்னேன். போகும்போது என் கணவரிடம் போய், "வாரேன் அண்ணாச்சி, வேளைக்குச் சாப்பிடுங்க" என்றார்.  கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, என்னிடம், "அந்த அடிக்காம போட்டு வச்சிருக்கீகள்ல, அத மொதல்ல எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கேயே நின்று எடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் என் கோபம் என் மேல் மட்டும் இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, கணவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு, நான் வேலைக்குப் போன அன்று, எங்கள் அச்சகத்துக் குழுவில் ஒரு காணொளி வந்தது. 'பட்டப்பகலில் குடிமகன்' என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலைந்து போட்டிருந்தது. திறந்ததும் முதலில் சட்டைதான் கண்ணில் பட்டது. நான் எடுத்துக் கொடுத்த சாம்பல் கட்டம் போட்ட சட்டை.

ஐம்பது விநாடி. நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தலை தொங்கித் தொங்கி நிமிர்கிறது. எடுத்தவன் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. "ஏலே, இங்க பாருலே, திங்கக்கெழமையே ஆரம்பிச்சுட்டான்" என்கிறான். பக்கத்தில் இரண்டு மூன்று சிரிப்புகள். அவர் வாயை அசைத்து ஏதோ சொல்கிறார். "என்னமோ உளறுதான்" என்கிறான். சிரிக்கிறார்கள்.

நான் அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டினேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக் காதோடு வைத்துக் கேட்டேன். நாக்குக் குழறுகிறது. ஆனாலும் வார்த்தை தெரிகிறது.

"சீனி" என்கிறார். "சீனி... கொஞ்சம் சீனி."

அவருக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது. என்ன வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. கேட்டிருக்கிறார். கையில் போனை நீட்டிக்கொண்டு நின்றவன் அதைப் பதிவு செய்திருக்கிறான். இருபது அடியில் டீக்கடை. அந்தப் பெண் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடுத்தது அது. காணொளியில் வெயில் நிழல் நேராக விழுவதைப் பார்த்தாலே தெரியும்.

குழுவில் போட்டது பைண்டிங் பிரிவில் இருக்கும் ஒருவர். நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"இத யாரு எடுத்தா?"

"எனக்குத் தெரியாதுக்கா. எங்கிருந்தோ வந்துச்சு, தட்டிவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அது என் வீட்டுக்காரருய்யா!"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.  போனை எடுத்து ஏதோ செய்தார். "அக்கா, எல்லாருக்கும் அழிச்சுட்டேன்கா. இனி யாருக்கும் தெரியாது" என்றார். எந்த விநாடியும் வீணாகாமல் அனுப்பவும் தெரிகிறது, எந்த விநாடியும் வீணாகாமல் அழிக்கவும் தெரிகிறது. அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டு, அவருக்கு யார் என்று கேட்டு, நாலு பேர் வரை போனேன். ஐந்தாவது ஆள் எண்ணையே மாற்றிவிட்டார். எடுத்தவன் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. இப்போதும் விருதுநகர்ப் பேருந்து நிலையத்தில் யாராவது பின்னால் "ஏலே" என்று கூப்பிட்டால், அந்தக் குரலா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

காணொளியை என் கணவரிடம் காட்டவில்லை. ஆனால் அன்று மாலை அவரிடம் இன்னொன்றைச் செய்தேன். தம்பியின் குரல் பதிவுகளை அழித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.  "ரெண்டு மாசத்துக்கு முந்தி கேட்டிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. போனைத் திறந்து என் கையில் கொடுத்து, "அந்தப் பொண்ணு சொன்னத போட்டுக் குடு" என்றார்.

பெயர், என் எண், மருந்துக்கடை எண், சர்க்கரை நோய், ஊசி என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ரத்த வகை என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. இருபத்தோரு வருடம் ஒன்றாக வாழ்கிறோம். எனக்குத் தெரியவில்லை. அவரிடம்தான் கேட்டேன். "பி பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் என் குழுவில், நான் சொல்லிக்கொடுத்த குறிப்பு என்ன செய்தது என்று ஒளிக்காமல் எழுதினேன். தெரியாத எண்களை ஊமையாக்கி வைத்திருப்பவர்கள், வீட்டில் யாராவது வெளியே போயிருந்தால் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர், "அய்யோ அக்கா, அத எடுத்தா ஓயாம கூப்பிடுவாங்களே" என்று எழுதினார்கள். கூப்பிடட்டும் என்று பதில் போட்டேன். எழுதிப் போட்டால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரிந்ததால், அந்த வாரமே வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, ஒவ்வொருவர் போனிலும், அவர்கள் கணவன்மார் போனிலும் அவசர விவரத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் அரை மணி நேரம் ஆகும், ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் ஆகும். காபி குடிக்கச் சொல்வார்கள், கதை பேசுவார்கள், ரத்த வகை தெரியாமல் பழைய பைல்களைத் தேடுவார்கள். ஒன்பது வீடுகளில் கணவனுக்கு மனைவியின் ரத்த வகை தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அவ்வப்போது போன் செய்கிறேன். வேலை முடிந்து வந்த பிறகு எடுத்து, "அண்ணாச்சி எப்படி இருக்காக, சாப்பிடுறாகளா?" என்று கேட்பார். மகளுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அன்றைக்கு என்னைத் திட்டியதற்காக அவர் ஒருநாள் வருத்தம் தெரிவிக்கப் பார்த்தார். வேண்டாம், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்; அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நான் சேர்த்து வைத்த நேரமெல்லாம் எங்கே போனதென்று எனக்கே தெரியாது, என் கணவர் இன்று உயிரோடு இருப்பது முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தன் பேருந்தை விட்டுவிட்டு ஒரு பெண் செலவழித்த நேரத்தினால்தான்.